ஏழெட்டு ஐம்பத்து நான்கு

24 மே 1988

லெஸ்யா,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். மேலே இருக்கும் கிறுக்கல் அதுதான்.

ஏப்ரல் முப்பதாம் தேதி காலையில் நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் உன் அறை காலி. சமையலறை மேசையில் சாவி. எட்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். நூற்றுப் பத்துப் பேர் படிக்கும் எஞ்சினியரிங் வகுப்பில் ஒன்பது பெண்கள், அதில் நாம் இருவர் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில். ‘போயிட்டு வரேன்’ என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

நான் செய்தது தப்பு. அதைத் துணை டீன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். நம் லீனியர் அல்ஜீப்ரா வீட்டுக்கணக்கில் இருவர் தாளிலும் நாலாவது கணக்கு அச்சு அசலாக ஒன்றாக இருந்தது, தப்பு உட்பட. அவர் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். ‘யாரு யாரைப் பார்த்து எழுதினீங்க?’ என்றார். ‘நான்தான் லெஸ்யாவோடதைப் பார்த்து எழுதினேன்’ என்றேன். பாடம் முழுவதற்கும் சைபர் போட்டார்கள். இந்தக் கோடையில் வேலைக்குப் போக வேண்டியவள், மறுபடி அதே பாடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி தேர்வு. அதிலும் தோற்றால் எஞ்சினியரிங்கை விட்டே போகச் சொல்லிவிடுவார்கள். அம்மா எங்கள் ஊர் பாதர்ஸ்ட்டிலிருந்து ஃபோன் செய்யும்போதெல்லாம், ‘காகித மில் ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்களாம் கெயில், சும்மா சொன்னேன்’ என்கிறாள். அவள் எதையும் சும்மா சொல்கிறவள் இல்லை.

உன் குறிப்பு நோட்டை அனுப்பு. என்னுடையதில் பாதிப் பக்கம் முட்டை முட்டையாகக் கிறுக்கி வைத்திருக்கிறேன். உன்னைக் காப்பியடித்தவளுக்கு நோட்டு கொடுக்க மாட்டேன் என்றால் அதையாவது எழுது.

கெயில்


2 ஜூன் 1988

கெயில்,

நோட்டு இத்துடன் வருகிறது. நாற்பதாம் பக்கத்தில் காப்பிக் கறை இருக்கும். என்னுடையது இல்லை, உன்னுடையது.

நான் இருப்பது ஒரு தங்கச் சுரங்க முகாம். சாலை கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் ஒரு சின்ன விமானம் ஏரியில் வந்து இறங்கும். தபால், முட்டை, டீசல், எல்லாம் அதில்தான். ஃபோன் மேலாளர் அறையில் மட்டும், அதுவும் ரேடியோ ஃபோன். நாம் பேசுவதை ஏரி முழுக்கக் கேட்கும். கறுப்பு ஈக்கள் காதுக்குப் பின்னால் கடித்து என் முகம் இரண்டு மடங்காக வீங்கியிருக்கிறது.

நான் சொல்லாமல் வந்ததைப் பற்றி எழுதியிருக்கிறாய். என்னத்தைச் சொல்லிவிட்டு வருவது? டீனிடம் போய் அப்படிச் சொல்லச் சொல்லி நான் உன்னைக் கேட்டேனா? கேட்கவில்லை. நீயாகப் போனாய், நீயாகச் சொன்னாய். அடுத்து என்னைக் கூப்பிட்டபோது அவர், ‘உன் சிநேகிதி ஒத்துக்கிட்டா, நீ போகலாம்’ என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க ஒருத்திக்குக் கடன்பட்டிருக்க வேண்டும் என்று யாருக்கும் ஆசை இருக்காது.

தேர்வுக்கு நன்றாகப் படி.

லெஸ்யா


12 ஜூன் 1988

லெஸ்யா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. யார் யாருக்குக் கடன்பட்டது? திருடியவள் நான். பறிகொடுத்தவள் நீ. நான் ஒத்துக்கொண்டதற்கு நீ ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாய்? ஒருவேளை ஈக்கடி மூளைக்கு ஏறிவிட்டதோ.

இங்கே பாடமும் அதே லட்சணம்தான். போன தடவை புரியாதது இந்தத் தடவை வேறு மாதிரி புரியவில்லை. புதுப் பேராசிரியர் வான் ஓர்டன் பலகையைப் பார்த்துத்தான் பேசுகிறார். நாங்கள் அவருடைய கழுத்திடம் பாடம் கேட்கிறோம். ‘ஏழு பரிமாண வெளியை மனசுல நினைச்சுக்கோங்க’ என்றார் வியாழக்கிழமை. எனக்குப் பின்னால் இருந்த டக் என்பவன், ‘நான் மூணுலயே வழி தெரியாம நிக்கறேன்’ என்றான். வகுப்பே சிரித்தது, எனக்கு அழுகை வந்தது. ஏனென்றால் நானும் அங்கேதான் நிற்கிறேன். இடைத்தேர்வில் முப்பத்தெட்டு.

உனக்கு வேலை இருக்கும், தெரியும். ஆனால் இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. ஒரு மேட்ரிக்ஸைக் கொடுத்து, அதன் செங்குத்து நிரல்களில் எவை தனித்து நிற்கின்றன, எவை மற்றவற்றைக் கூட்டிக் கழித்தால் கிடைத்துவிடுகின்றன என்று கேட்கிறார்கள். சரி. குறுக்கு நிரைகளைக் கழித்துக் கழித்துச் சுருக்குகிறோம். கடைசியில் ஒன்றும் சைபருமாக, துடைத்து வைத்த மாதிரி ஒரு மேட்ரிக்ஸ் வருகிறது. அதிலிருந்து தனித்து நிற்கும் நிரல்களை எடுத்து எழுதினால் முழுவதும் தப்பு என்று சிவப்பு மை. இத்தனை பாடுபட்டுச் சுத்தம் செய்துவிட்டு, சுத்தம் செய்ததை எடுக்கக்கூடாது என்றால் எதற்குச் சுத்தம் செய்வது? வான் ஓர்டனிடம் கேட்டேன். ‘நிரல் வெளி மாறிடும்மா’ என்றார் கழுத்து. அவ்வளவுதான் பதில்.

ஏப்ரலில் நீ எழுதியதும் அதே ஒன்றும் சைபரும்தானே? பிறகு ஏன் தப்பு?

கெயில்


23 ஜூன் 1988

கெயில்,

நான் மூன்று நாளாக உன் கேள்வியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்கும் பதில் தெரியவில்லை என்று எழுத வெட்கமாக இருந்தது. பதில் நேற்றுத்தான் கிடைத்தது, அதுவும் திட்டு வாங்கி.

என் வேலை என்ன என்று நான் சொல்லவில்லை. பூமிக்குள் துளை போட்டு நீள நீளமாகக் கல்லை உருவி எடுப்பார்கள். என் கை மணிக்கட்டுக் கனம் இருக்கும். அதை வரிசையாக மரப்பெட்டிகளில் அடுக்கி எண் போடுவோம். பிறகு ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் இரண்டாக அறுப்பேன். ஒரு பாதி பெட்டியிலேயே இருக்கும். மறு பாதியை இடித்துப் பொடியாக்கிப் பையில் போட்டு ஊருக்கு அனுப்பினால், எதில் எவ்வளவு தங்கம் என்று பட்டியல் வரும். பட்டியல் வந்ததும் நான் அதை அழகாக வரைபடமாகப் போட்டு, வெர்ன் என்ற கிழட்டுப் புவியியலாளரிடம் கொண்டுபோய் நீட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

‘இது என்னது?’ என்றார்.

‘தங்கம் இருக்கற இடம்.’

‘இது காகிதம். தங்கம் பெட்டியில இருக்கு. பொடி, எந்தப் பெட்டின்னு உனக்குச் சொல்லிடுச்சு, அதோட அது வேலை முடிஞ்சது. போயி அந்தப் பெட்டியத் தூக்கிட்டு வா, கல்லப் பாக்கணும்.’

மூன்று பெட்டிகளைச் சுமந்துகொண்டு வரும்போது பாதி வழியில் நின்றுவிட்டேன், கெயில். முதுகு வலித்ததால் இல்லை. சுருக்கிய மேட்ரிக்ஸ் என்பது பொடி. எந்த நிரல் என்று சொல்வதோடு அதன் வேலை தீர்ந்தது. ஒன்றாவதும் மூன்றாவதும் என்று அது சொன்னால், நாம் திரும்பிப் போய் முதலில் கொடுத்த மேட்ரிக்ஸில் ஒன்றாவதையும் மூன்றாவதையும் எடுக்க வேண்டும். அழுக்கு எண்களோடு, அப்படியே. நிரைகளைக் கழிக்கும்போது நிரல்களுக்கு இடையிலிருந்த உறவு மாறுவதில்லை, நிரல்கள் மாறிவிடுகின்றன.

அப்படியென்றால் ஏப்ரலில் நான் எழுதிய விடை தப்பு. நான் எழுதியது பொடி. அது என் சொந்தத் தப்பு, நானே யோசித்துச் செய்தது. அதற்கான பழியை நீ ஏன் ஏற்றுக்கொண்டாய் என்றுதான் எனக்கு இன்னும் குழப்பமாக இருக்கிறது.

இங்கே தினமும் காலையில் பான்கேக். அம்மா செய்யும் பெரோகிக் கொழுக்கட்டைக்கு நாக்கு ஏங்குகிறது.

லெஸ்யா


5 ஜூலை 1988

அன்புள்ள லெஸ்யா (இன்றைக்கு அடிக்கவில்லை),

உன் பெட்டியும் பொடியும் வந்த அன்று எட்டுக் கணக்கு போட்டேன். எட்டும் சரி. டக்கிடம் சொன்னேன். ‘பெட்டியத் தூக்கிட்டு வா’ என்பது இப்போது எங்கள் வகுப்பில் வசவாகிவிட்டது.

பிறகு எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. டீன் ஆபீஸ் திருப்பிக் கொடுத்த ஏப்ரல் தாளை எடுத்துப் பார்த்தேன். அதுவரை தொட மனமில்லாமல் இருந்தேன். நாலாவது கணக்கின் விடை இருக்கும் இடத்தில் காகிதம் தேய்ந்திருந்தது. சமையலறை ஜன்னலில் வைத்து வெயிலுக்கு எதிரே பிடித்தேன். ஒன்றுக்கும் சைபருக்கும் அடியில் நான் அழித்த பென்சில் கோடுகள் தெரிந்தன. 7, 3, மைனஸ் 2. பக்கத்தில் 1, 8, 5. முதல் மேட்ரிக்ஸின் ஒன்றாவது நிரலும் மூன்றாவது நிரலும்.

நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், லெஸ்யா. எப்படி எழுதினேன் என்று தெரியாது, புரிந்து எழுதினேனா குருட்டாம்போக்கா என்றும் தெரியாது. திங்கட்கிழமை காலை உணவின்போது உன் தாள் மேசையில் கிடந்தது. உன்னுடையது ஒன்றும் சைபருமாய் அவ்வளவு லட்சணமாக இருந்தது. என்னுடையது குப்பை மாதிரி இருந்தது. நீ கால்குலஸில் தொண்ணூறு வாங்கியவள். அழித்துவிட்டு உன்னுடையதை எழுதினேன். அதைத்தான் டீனிடம் சொன்னேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். ஒரு மணி நேரம் சிரித்தேன், அப்புறம் தட்டைத் தூக்கிச் சுவரில் போட்டேன். நீல ஓரம் போட்ட தட்டு. உன்னுடையதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று உதைக்கிறது. திருத்தியவரின் குறிப்பை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். ‘ஒன்றும் சைபரும் எடுப்பது வகுப்பில் பாதிப் பேர் செய்யும் தப்பு. ஆனால் மேல் நிரையில் 7 × 8 = 54 என்று போட்டவர்கள் இந்த இருவர் மட்டுமே’ என்று எழுதியிருக்கிறார். அந்த 54 விடையைக் கெடுக்கவில்லை, ஓரமாகத்தான் கிடக்கிறது. நம்மை மாட்டிவிட்டது அதுதான்.

அந்த 54 நான் முதலில் எழுதிப் பார்த்த கச்சாத்தாளில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டது. அப்போது நீ உன் கணக்கைத் தொடக்கூட இல்லை. என்னுடைய 54 உன் தாளுக்கு எப்படி வந்தது?

கெயில்


14 ஜூலை 1988

கெயில்,

நீ கேட்பாய் என்று தெரியும். ஒவ்வொரு விமானத்துக்கும் பயந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ துணி துவைக்கப் போனாய். கச்சாத்தாளை டோஸ்டருக்கு அடியில் செருகி வைத்திருந்தாய். எனக்கு மூன்று ஆய்வக அறிக்கைகள் பாக்கி. சுருக்குகிற வேலை முழுவதையும் உன் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டேன், 54 உட்பட. சரிபார்க்கக்கூட இல்லை. விடையை மட்டும் நானே எழுதினேன், அதையும் தப்பாக எழுதினேன். நீ துணிக்கூடையோடு திரும்பி வந்தபோது தாள் பழைய இடத்தில் இருந்தது. ‘என்னடி, இன்னும் ஆரம்பிக்கலையா?’ என்று கேட்டாய். ‘இப்பத்தான்’ என்றேன்.

டீன் ‘உன் சிநேகிதி ஒத்துக்கிட்டா’ என்றதும், நான் எடுத்தது உனக்குத் தெரியும், தெரிந்தே என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் உன் முகத்தில் விழிக்க முடியவில்லை. நன்றி சொன்னால் ஒத்துக்கொண்ட மாதிரி, சொல்லாவிட்டால் நன்றி கெட்ட மாதிரி. உன்மேல் கோபமே வந்தது. யார் கேட்டார்கள் இவளை என்று. நீ திங்கட்கிழமை உண்மையிலேயே என் தாளைப் பார்த்து எழுதினாய் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். கதவு திறந்ததும் நான் வெளியே போய்விட்டேன் என்பதுதான் உண்மை. நிற்கச் சொல்லியிருந்தால் நின்றிருப்பேனா? தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை.

டீனுக்கு ஒரு கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் அதில் இருக்கிறது. உறையை ஒட்டவில்லை. நீ படித்துப் பார். கொடுக்கலாம் என்று உனக்குத் தோன்றினால் கொடு, வேண்டாம் என்றால் கிழித்துவிடு. நீ என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.

லெஸ்யா


22 ஜூலை 1988

லெஸ்யா,

டீனுக்கான கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய்.

‘நீ என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.’ உனக்கு ஏன் சம்மதமாக இருக்காது? ஏப்ரலிலும் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். இப்போதும் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நானே கிழித்துவிட்டு அந்தப் பாவத்தையும் சுமக்க வேண்டும். கொடுத்தால் சிநேகிதியைக் காட்டிக்கொடுத்தவள், கிழித்தால் நீ சுத்தம். அம்மா ஒரு வார்த்தை சொல்வாள், அதை இங்கே எழுத மாட்டேன்.

எனக்குப் பதினெட்டு நாளில் தேர்வு. தலைக்குள் மேட்ரிக்ஸ் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். நேற்று ஒரு கணக்கில் இரண்டு வெக்டர்கள் ஒன்றையொன்று சார்ந்தவையா என்று கேட்டிருந்தது. சார்ந்தவைதான். அதற்கு மேல் பேனா ஓடாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் உன்மேல் கோபமாக இருக்கிறேனா, என்மேலா, அந்த டோஸ்டர்மேலா என்றே புரியவில்லை.

உங்கள் ஊரில் தபால் எடுக்க விமானம் வருகிறது இல்லையா. நீயே போடு. போடாவிட்டால் அதுவும் உன் இஷ்டம். என்னிடம் மட்டும் கேட்காதே.

கெயில்


29 ஜூலை 1988

கெயில்,

விமானி காப்பி குடிக்கும் நேரத்தில் முட்டைப் பெட்டிமேல் வைத்து இதை எழுதுகிறேன். உன் கடிதம் இதே விமானத்தில்தான் வந்தது.

உறையை ஒட்டிவிட்டேன். டீனுக்கானதை விமானி கையில் கொடுத்தாகிவிட்டது. வெர்னிடமும் சொன்னேன், வேலை போனாலும் போகட்டும் என்று. அவர் காதைச் சொறிந்துகொண்டு, ‘சரி. பதினாலாம் பெட்டிய இன்னும் அறுக்கலையே’ என்றார்.

நீ எழுதியது எல்லாம் உண்மை. எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

தேர்வில் எழுதி முடித்ததும் எதையும் அழிக்காதே. உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, இதை மட்டும் கேள். விமானி கிளம்பிவிட்டார்.

லெஸ்யா


17 ஆகஸ்ட் 1988

அன்புள்ள லெஸ்யா,

அறுபத்து நாலு. தேறிவிட்டேன். அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். ‘அப்ப மில்லு வேண்டாமா?’ என்றாள். வேண்டாம் என்றேன். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, சளி பிடித்திருக்கிறது என்றாள்.

கடைசிக் கணக்கு நிரல்கள்தான். சுருக்கினேன். ஒன்றும் சைபரும் பளபளவென்று வந்து நின்றன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எழுதி முடித்தபோது விடை ஏப்ரலில் இருந்தது போலவே குப்பையாகத் தெரிந்தது. அழிப்பானைக் கையில் எடுத்துவிட்டேன். அதை அப்படியே கொண்டுபோய் டக்கின் மேசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கண்காணிப்பாளர் என்னை முறைத்தார்.

பன்னிரண்டாம் தேதி துணை டீன் கூப்பிட்டார். உன் கடிதம் அவர் மேசையில் இருந்தது. பாவம், அவருக்குத் தலை சுற்றிவிட்டது. ‘அவ உன்னோடதைப் பார்த்து எழுதினா, நீ அவளோடதைப் பார்த்து எழுதினே. அப்ப யாருதான்மா காப்பியடிச்சது?’ என்றார். எனக்கு அந்த இரண்டு வெக்டர் கணக்கு ஞாபகம் வந்தது. ‘இது அதோட ரெண்டு மடங்கு, அது இதுல பாதி, சார். ஒண்ணையொண்ணு சார்ந்திருக்குன்னு கணக்கு சொல்லும். எதைப் பார்த்து எது வந்துச்சுன்னு சொல்லாது. அதை நாங்கதான் சொல்லணும். சொல்லிட்டோம்’ என்றேன். அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

உனக்குக் கடிதம் வரும். வருவதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன், தனியாக உறையைப் பிரிக்க வேண்டாம். பாடத்துக்குச் சைபர். செப்டம்பரில் திரும்பப் படிக்க வேண்டும், வான் ஓர்டனிடமே. எஞ்சினியரிங்கில் இருக்கலாம். என் பழைய சைபரும் அப்படியேதான் நிற்கும், பக்கத்தில் அறுபத்து நாலு. நியாயம்தான்.

நான் உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் மன்னித்துவிட்ட மாதிரி இருக்கிறது, மத்தியானம் அந்தத் துணிக்கூடையும் ‘இப்பத்தான்’ என்று நீ சொன்னதும் ஞாபகம் வந்து சுவரில் போட இன்னொரு தட்டைத் தேடுகிறேன். சாயங்காலம் ஈக்கடி ஆறிவிட்டதா என்று யோசிக்கிறேன். இதைச் சுருக்கி ஒரு விடையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

உன் அறையை வேறு யாருக்கும் விடவில்லை. சாவி நீ வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருக்கிறது. என் நோட்டு தருகிறேன், முட்டைக் கிறுக்கல்களோடு. ஏப்ரல் கச்சாத்தாளை மறுபடி டோஸ்டருக்கு அடியில் செருகியிருக்கிறேன். வந்ததும் எடுத்துப் பார். இந்தத் தடவை நான் வீட்டில் இருக்கும்போது.

கெயில்